மிஸ்டர் லின்னின் பெயர் அட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பபிள் ரீக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குத் தேத்தண்ணி என்றால் சுடச்சுட இருக்கவேண்டும். இதுவோ ஐஸ் போட்ட தேத்தண்ணி. அடியில் கறுப்பாகச் சவ்வரிசி உருண்டைகள். உறிஞ்சுவதற்கு விரல் தடிப்பில் ஒரு குழாய். "அப்பா, இது தாய்வான் ட்ரிங்க். ட்ரை பண்ணிப் பாருங்கோ" என்றாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் தண்ணீர் ஊறிய பழைய கறை, எத்தனை தரம் பூசியும் போகாமல், அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழேதான் எங்கள் கடதாசி வெட்டும் மெசின் நின்றது.

அந்த இடத்தில் முன்பு குணம் அண்ணையின் அச்சுக்கடை இருந்தது. கனடாவுக்கு வந்து நான் பார்த்த இரண்டாவது வேலை அது. (முதலாவது கோழி வெட்டும் தொழிற்சாலை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கக்கூடும், விட்டுவிடுவோம்.) கல்யாண அழைப்பிதழ், சாமத்தியச் சடங்கு அழைப்பிதழ், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவு மலர் என்று எங்கள் சனத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் கைப்பட்டுத்தான் போகும். மை மணம் என் ஜக்கெற்றை விட்டுப் போகவே போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருப்பார்கள். அந்த மணத்தை நினைத்தால் எனக்கு உடனே மிஸ்டர் லின் ஞாபகம் வரும். அவர் வந்தால் சவர்க்கார மணம்தான் வரும்.

லின் தாய்வானின் வெளிநாட்டுச் சேவை உத்தியோகத்தர். ரொறன்ரோவில் இருந்த அவர்களுடைய அலுவலகத்தில் மூன்று வருடத்துக்கு வந்திருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒருநாள் அவசரத்துக்கு எங்கள் கடைக்கு வந்தவர், குணம் அண்ணை அட்டை வெட்டுகிற துப்புரவைப் பார்த்து, பிறகு எங்களை விடவேயில்லை. நாற்பது வயதிருக்கும். பனி கரைந்து ஊரே சேறாகக் கிடக்கிற நாட்களிலும் அவருடைய சப்பாத்து மினுங்கும். இந்த மனுசன் எதன்மேல் நடந்து வருகிறார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அவருடைய பெயர் அட்டையில் தூதரகம் என்ற சொல் வரக்கூடாது. கனடாவுக்கும் அவர்களுக்கும் முறைப்படி தூதரக உறவு இல்லை. அதனால் அலுவலகத்துக்கு ஒரு நீட்டுப் பெயர், இரண்டு வரி பிடிக்கும். முதல் தடவையே அதைக் கைப்பட எழுதித் தந்து, ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரண்டு முறை நான் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

எனக்கு அவர்மேல் பொறாமை. சும்மா பொறாமை இல்லை, வயிற்றெரிச்சல். ஊரில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு நானும் வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்குப் படித்தவன். உலகத்துத் தலைநகரங்களெல்லாம் பாடம். ஒரு பழைய புத்தகத்தை வைத்து யாருமில்லாத அறையில் பிரெஞ்சு கதைத்துப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்துக் கழுத்தில் ரை கட்டப் பழகி, ஒருநாள் அவிழ்க்கத் தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டது தனிக்கதை. பரீட்சை எழுதவில்லை. நாட்டைவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. கடைசியில் நான் ஒரேயொரு வழக்கைத்தான் வெளிநாட்டில் எடுத்துப் பேசினேன். அது என்னுடைய அகதி வழக்கு.

லின்னோ நான் பாடமாக்கிய தலைநகரங்களில் குடியிருந்தவர். நடு அமெரிக்காவில் ஒரு சின்ன நாட்டில் உண்மையான தூதரகத்திலேயே வேலை பார்த்தவராம். பிறகு அந்த நாடு உறவை முறித்துக்கொண்டதும், கொடியை இறக்கி மடித்தவர்களில் தானும் ஒருவர் என்று ஒருநாள் அட்டை காயும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நல்ல மனுசன் என்றால் இரங்கியிருக்க வேண்டும். மடிக்க ஒரு கொடியாவது இருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.

போதாததற்கு அவர் எங்கள் தமிழையும் விடவில்லை. சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. கடைக்கு வருகிறவர்கள் வெளிக்கிடும்போது என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். "போட்டு வாறன்" என்று சொல்லிக் கொடுத்தேன். போகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டோம், திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்லுவோம் என்றேன். அதை எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக்கொண்டார். அடுத்த முறை கதவடியில் நின்று திருத்தமாகச் சொன்னார். குணம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.

"உவரைப் பாரடாப்பா" என்றார் என்னிடம். "என்ன மாதிரி மரியாதையாக் கதைக்கிறார். நீ போனை எடுத்தா பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேக்கும்."

ஒரு தை மாதம் லின் மூன்றாவது தடவையாக அட்டைக்குச் சொல்ல வந்தார். லீவில் வீட்டுக்குப் போகிறாராம். தகப்பனுக்கு எண்பதாவது பிறந்தநாள். வாயெல்லாம் சிரிப்பு. பிறகு, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல், நீ ஏன் ஊருக்குப் போய் அப்பாவைப் பார்க்கிறதில்லை என்று கேட்டார்.

என்னிடம் அப்போது இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், என் நாட்டைத் தவிர. அப்பாவைப் பார்த்து ஏழு வருடம். இதை அவருக்குச் சொல்லவில்லை. "வேலை கூட, நேரமில்லை" என்று சிரித்தேன். அவர் போனபிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, அந்த இரண்டு வரிப் பெயரை அழித்துவிட்டு, 'எம்பசி' என்று பெரிதாக அடித்தேன். உனக்கு இல்லாத ஒன்றை நீயும் பார் என்று நினைத்துக்கொண்டு அடித்தேன். ஐந்நூறு அட்டை.

அவர் வந்து பெட்டியைத் திறந்தார். ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். அந்தச் சொல்லின் மேல் பெருவிரலால் ஒருமுறை தடவினார். எட்டிப் பார்த்த குணம் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஐயோ, என்னடா தம்பி செய்துவைச்சிருக்கிறாய்!"

இதில் ஒன்று வெளியில் போனாலும் தன் உத்தியோகம் போய்விடும் என்று லின் மெதுவாகச் சொன்னார். நான் அவரைக் குத்திப் பார்க்கத்தான் நினைத்தேன். வேலையைப் பறிக்கிற அளவுக்கு யோசிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு முறை சரியாக அடித்தவன் மூன்றாம் முறை எப்படிப் பிழை விடுவான்? அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு அது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

குணம் அண்ணையிடம் திரும்பி, பிழை தன்னுடையது என்றார். போனமுறை எழுதித் தந்த தாளில் தானே ஒரு குறிப்பில் அந்தச் சொல்லை எழுதியிருந்ததாகவும், கையெழுத்து மோசம் என்றும் சொன்னார். அப்படி ஒரு குறிப்பு இருக்கவேயில்லை. குரல் உயரவில்லை, முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அண்ணை அதை அப்படியே நம்பினார். என் வேலை தப்பியது. அவருடைய உத்தியோகத்தை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு நிமிடம்தான். நான் பரீட்சை எழுதியிருந்தாலும் அது எனக்கு வந்திருக்காது என்று அன்றைக்கு விளங்கியது. நன்றி வரவேண்டிய இடத்திலும் பொறாமைதான் வந்தது. ஐந்நூறையும் மெசினில் வைத்து வெட்டினோம். கடைசி நறுக்கு விழும்வரை பக்கத்தில் நின்றார்.

மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வைகாசியில் அவரே ஒரு தேயிலை டின்னோடு வந்தார். தவணை முடிந்துவிட்டது, தாய்பேயிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள் என்றார். கதவடியில் நின்று, "போட்டு வாறன்" என்றார். அவர் வரமாட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மன்னிப்பை அன்றைக்கும் நான் கேட்கவில்லை. அதே சொல்லை ஊரில் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

குணம் அண்ணை இப்போது இல்லை. மெசினை யாரோ பழைய இரும்புக்கு ஏற்றிப் போனார்கள். கல்யாணத்துக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. மை மணம் என் ஜக்கெற்றை விட்டு எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

"அப்பா, ஐஸ் எல்லாம் கரைஞ்சு போச்சு. பிடிக்கேல்லையா?" என்றாள் மகள்.

என்னிடம் இப்போது கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது. நினைத்த நேரம் ஊருக்குப் போகலாம். அது கைக்கு வந்தபோது அப்பா காலமாகி எட்டு மாதம். லின்னைத் திரும்பி வா என்று கூப்பிட்டார்கள், அவர் போனார். என்னை அப்படிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆளும் இப்போது இல்லை. லின்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.