பாசி வெளுத்தபோது

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி இருக்கிறது. ஆவடியில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீட்டில், கடலை விட்டு இத்தனை தள்ளி உப்புத் தண்ணீரைத் தேக்கிவைத்து மீன் வளர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. பிள்ளை இல்லாத குறைக்கு மீன் வளர்க்கிறாள் என்றும் சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது, வளர்த்தேன். ஒரு ஜோடி ஆரஞ்சு நிற க்ளவுன் மீன், ஒரு மஞ்சள் மீன், பாறைமேல் பொத்தான் பொத்தானாக விரியும் பச்சை மென்பவளம். அவ்வளவுதான் எங்கள் கடல்.

தொட்டி என்னுடையது. தீனி போடும் கை மட்டும் என் கணவருடையது. அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாடு பரிமாறியவர். தட்டை நீட்டியவன் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி வைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். அதே கைதான் தொட்டிப் பக்கமும் போகும். குளிக்கப் போகும்போது ஒரு சிட்டிகை, சட்டை மாட்டும்போது ஒரு சிட்டிகை. நானோ திருமழிசையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அளவு தப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காலையிலதானே போட்டாச்சு? தின்னாம விட்டதெல்லாம் தண்ணியில அழுகி நைட்ரேட்டா மாறும். பவளம் மூடிக்கும். எத்தனை வாட்டி சொல்றது?"

"பாவம்மே, வாயத் தொறந்துகினு கீது பாரு."

"அது மீனு. எப்பவும் வாயத் தொறந்துகினுதான் இருக்கும்."

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்து விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். கழிவு இல்லாத தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். கழிவு ஏற ஏறச் சிவக்கும். எங்கள் தண்ணீர் எப்போதும் நல்ல ரோஜா நிறம். கண்ணாடியில் பச்சை படிந்துகொண்டே இருக்கும், நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். மனுஷனை மாற்ற முடியாது என்று புரிந்த பிறகுதான் பாசியிடம் போனேன்.

குமணன்சாவடியில், நான் பஸ் மாறும் இடத்தில், ஒரு மீன் கடை உண்டு. அங்கே கீட்டோ என்கிற கடல் பாசி ஒரு பிடி வாங்கினேன். சிக்கு விழுந்த பச்சை நைலான் நூல் மாதிரி இருக்கும். பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி வைத்து, பாசியை அதில் போட்டு, தனி விளக்கு மாட்டி, மேல்தொட்டித் தண்ணீர் அதன் வழியாகச் சுற்றி வரும்படி செய்தேன். கரைந்த கழிவைத் தின்று பாசி வளரும். வளர்ந்ததைப் பிடுங்கி வெளியே எடுத்தால் கழிவும் கூடவே போய்விடும்.

பாசி கன்னாபின்னாவென்று வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து பாதியைப் பிடுங்குவார். முதல் தடவை பிடுங்கியதை, நல்ல உரமாயிற்றே என்று, என்னைக் கேட்காமல் கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டிவிட்டார். அத்தனையும் உப்பு. செடி கருகிப் போனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அதுக்கும் ஒரு வாய் சோறு போடலாம்னு பாத்தேம்மே" என்றார், முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு பிடுங்கியதைத் தயிர் டப்பாவில் அடைத்து, வண்டியில் கொண்டுபோய் அவரே குமணன்சாவடி கடையில் கொடுத்துவிடுவார். கடைக்காரர் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு தீனி டப்பா என் கைக்கு வந்தது. காலையில் ஒரே ஒரு சிட்டிகை, அதோடு சரி. இந்தத் தொட்டியாவது நன்றாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவர் தினமும் தொட்டதில் வீட்டில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த என் நாத்தனார் தொட்டி முன்னால் நின்று, எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருக்க வேண்டும். "கண்ணாடி எப்டி பளிச்சுனு கீது அண்ணி! அண்ணன் இருந்தப்போ இப்டி இருந்ததே இல்ல" என்றாள்.

பார்த்தேன். உண்மைதான். அவர் போனதிலிருந்து நான் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. துடைக்க வேண்டி வரவும் இல்லை. குனிந்து கீழ்த்தொட்டியைப் பார்த்தேன். பாசி வெளுத்துக் கிடந்தது. விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. மேலே பவளத்தின் பொத்தான்களில் பாதி சுருங்கி மூடிக்கொண்டிருந்தன.

அவர்கள் போனதும் சோதனைக் குழாயை எடுத்தேன். மருந்து விட்டேன், குலுக்கினேன், காத்திருந்தேன். நிறம் வரவே இல்லை. எத்தனையோ வருஷம் இதற்காகத்தான் அவரோடு மல்லுக்கட்டினேன். இப்போது குழாயில் வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. தின்ன ஒன்றுமில்லாத தண்ணீரில் பாசி பட்டினி, பவளமும் பட்டினி. அவர் கையைச் சமாளிக்க நான் கொண்டுவந்த பாசி, அவர் கையால்தான் இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குப் போய், கொஞ்சம் பாசி வேண்டும் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, உங்க ஊட்டுப் பாசியத்தான் ஊருக்கே குடுத்துகினு கீறோம். அண்ணாத்தே எங்க, ஆளையே காணோம்?"

சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய் ஒரு கவர் நிறையக் கரும்பச்சைப் பாசியைத் தண்ணீரோடு கட்டிக்கொண்டு வந்தார்.

"அவரு கடைசியா கொண்டாந்த பாசியில வளந்ததுதான்க்கா இது" என்றார்.

ஆவடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாசியைக் கீழ்த்தொட்டியில் விட்டு, விளக்கைப் போட்டேன். தீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டேன். மீன்கள் அதைத் தின்றுவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. காலையிலதானே போட்டாச்சு என்று வாய்வரை வந்தது. யாரிடம் சொல்வது? இன்னொரு சிட்டிகை போட்டேன்.