பெட்டியில்லாமல் போன ஆர்டிஸ்

இல்லை, அவள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடவில்லை. இந்தக் குளிரில் ஒரு பெண் வெறுங்கையோடு வீட்டை விட்டு இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எதிர்வீட்டு வெல்டா தபால் நிலையத்தில் நின்று சொல்கிறாளாம். சொல்லட்டும். ஆர்டிஸுக்குப் பக்கத்து வீட்டிலேயே கிழவியானவள் நான். அவள் பொறாமைக்காரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடிப்போனவள் இல்லை.

எங்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆட்டத் தேதிகளைப் பேசி முடித்து விமான டிக்கெட் எடுப்பது ஆர்டிஸின் வேலை. அவள் புருஷன் மெர்ல், பையன்களின் சறுக்குக் காலணிகளின் அடிக்கத்தியைத் தீட்டுகிறவன். அணி போகிற இடமெல்லாம் அவன் போவான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவள் ஒருமுறைகூடப் போனதில்லை.

தெற்கே உள்ள கல்லூரிகள் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு அன்றிரவே தங்கள் கட்டிலில் படுக்கின்றன. அலாஸ்காவில் இருக்கும் நாங்கள் யாரோடு ஆட வேண்டுமானாலும் விமானம்தான். அது போதாதென்று, லீக்கில் இடம் வேண்டுமென்றால் இங்கே ஆட வருகிறவர்களின் டிக்கெட்டிலும் பாதியை நாங்களே கட்ட வேண்டும். நம்மை அடிக்க வருகிறவனுக்கு நாமே வழிச்செலவு! அதற்காகத்தான் ஊர்ப்பெண்கள் கேக் சுட்டு விற்கிறோம்.

மெர்ல் வெளியூரிலிருந்து போன் பண்ணுவான்.

"ஆர்டிஸ், இந்த ஓட்டல்ல வெந்நீர்க் குளம் இருக்கு! வெளிய பனி கொட்டுது, நான் கழுத்தளவு தண்ணில கெடக்கறேன்."

"இங்க குழாய் உறைஞ்சிடக் கூடாதுன்னு நான் முடி காயவைக்கிற மெஷினப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன். நீ முழுகு. நல்லா முழுகு."

போனை வைத்துவிட்டு நேராக என் அடுக்களைக்கு வருவாள். "பஸ்ல போற ஊர்க்காரிங்களுக்கு வந்த வாழ்வப் பாரேன், புருஷன் ராத்திரியே வீடு வந்துடறான்" என்று பொருமுவாள்.

இந்த வருஷம் செலவைக் குறைக்க லீக் ஒரு யோசனை சொன்னது. அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளின் ஆட்டங்களையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடுங்கள், நடுவில் ஊர் திரும்ப வேண்டாம் என்று. ஆர்டிஸ்தான் ஒப்புக்கொண்டாள். குடும்பத்தோடு கூடி விருந்துண்ணும் நன்றித் திருநாள் அந்த நடுவில் வந்து விழுந்தது.

"என் கையாலயே தேதி போட்டுக் குடுத்துட்டு, வான்கோழிய நான் யார்கூட உக்காந்து திங்கறது?" என்று என்னிடம் கேட்டாள்.

மிச்சமான பணத்தில் ஊர்க்காரர் ஒருவருக்கு அணியோடு போக ஓர் இடம் தருவதாகக் கல்லூரி சொன்னது. தனக்குத்தான் என்று அவள் இருந்தாள். கிடைத்ததோ கார்க் கடைக்காரர் மனைவி பெக்ஸ்ட்ராம் அம்மாளுக்கு. அவர்கள் கடைப் பெயர் ஆடுகளச் சுவரில் பெரிதாக இருக்கிறதே! அந்த டிக்கெட்டையும் ஆர்டிஸ்தான் எடுக்க வேண்டும். வயிறு எரியாதா?

கேக் விற்ற காசைக் கொடுக்க அன்று நான் அவள் ஆபீசுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் ரோமக் கோட்டோடு வந்து நின்றாள்.

"நாலு பெட்டி கொண்டு வரலாமில்ல?"

"பெட்டியே கெடையாதுங்க" என்றாள் ஆர்டிஸ். "டிக்கெட்டுக்கு இத்தன மூட்டைன்னு விமானத்துல விடுவாங்க. அதெல்லாம் அணிக்கு. உங்க பேர்ல கோல்கீப்பர் மூட்டை ஏறும். நீங்க மடியில ஒரு கைப்பை வெச்சிக்கலாம்."

"அத்தன நாளைக்குமா?"

"கோச்சுக்கும் அதேதான். உள்பனியன மடிச்சு யாரோட காலணிக்குள்ளயாவது சொருகிடுவாரு."

"அந்த நாத்தம் புடிச்ச மூட்டை என் பேர்லயா?"

"ஆமாங்க. தொலஞ்சா உங்களத்தான் கேப்பாங்க."

அந்த அம்மாள் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொறாமையில் ஆர்டிஸ் கட்டிவிட்ட சட்டம் அது என்கிறாள் வெல்டா. இல்லவே இல்லை. என்றைக்கும் உள்ள வழக்கம்தான். மூட்டைக்குத் தனியாகக் கட்டணம் கட்டினால் நாங்கள் கேக் சுட்ட காசெல்லாம் அதற்கே போய்விடும். ஆனால் அதைச் சொன்னபோது ஆர்டிஸ் குரலில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல். இருக்கட்டுமே.

அந்த அம்மாள் போனதுமே ஆர்டிஸ் எழுந்து மேலதிகாரி அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அந்த சீட்டுல நான் போறேன் சார். என் பேர்ல எத்தன மூட்டை ஏறுமோ ஏத்திக்கங்க. எனக்குக் கைப்பைகூட வேண்டாம்."

அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

கிளம்புகிற அன்று மைனஸ் நாற்பது. மூட்டைகளை ஏற்ற மெர்ல் முன்னமே போய்விட்டான். கொண்டுபோக வேண்டிய உடுப்பு அத்தனையையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, பீப்பாய் மாதிரி உருண்டு என் வாசலுக்கு வந்தாள் ஆர்டிஸ். வீட்டுச் சாவியையும் முடி காயவைக்கிற மெஷினையும் என் கையில் திணித்தாள்.

"குழாயப் பாத்துக்கோ."

எனக்கே சற்று வயிறு எரிந்தது. "எல்லாம் சரி, குளத்துல எறங்க உடுப்பு எங்கடி?"

கழுத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நீலப் பட்டையை இழுத்துக் காட்டினாள்.

"மொதல்ல அதத்தான் போட்டேன்."

எதிரே வெல்டா வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. ஆர்டிஸ் இரண்டு வெறுங்கைகளையும் வீசிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.