வைவாவுக்கு முன்னால் மாட்டிய போர்டு

ஐதராபாத்தில் எங்கள் குஷாய்குடா வீட்டு கேட் தூணில் அப்பா டிரில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல் தூள் பறந்து பறந்து கொடியில் காய்ந்த துணி மேலெல்லாம் விழ, அம்மா உள்ளேயிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தேன். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. 'டாக்டர் சு. மல்லிகா, பிஎச்.டி.'

நுரையைத் துப்பிவிட்டு அப்பாவிடம் ஓடினேன்.

அப்பாவுக்குப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. அங்கே மெஷின்களில் 'ஆன்', 'ஆஃப்' என்று பொறித்து ஒட்டுவார்களே, அதே பலகை, அதே எழுத்து. கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார்.

"அப்பா, இன்னும் வைவா முடியலப்பா."

"தீஸிஸ் குடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன, வெறும் ஃபார்மாலிட்டி."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பைண்டு செய்த தீஸிஸ் கட்டை ஸ்கூட்டரில் வைத்து யூனிவர்சிட்டிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் லேபில் ஒரு வழக்கம். தீஸிஸ் கொடுத்த அன்றைக்கே எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்வீட் பாக்ஸ் திறந்து, "கங்கிராட்ஸ் டாக்டர்" என்று கை குலுக்கினார்கள். அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியூர் பரிசோதகர்கள் படித்து ஒத்துக்கொண்டு, அதற்கப்புறம் வைவாவில் கேள்வி கேட்டு முடித்தால்தான் பட்டம் என்று அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும்தான்.

அது ஊரே சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று பறந்த காலம். எங்கள் தெருப் பிள்ளைகள் மாதாப்பூர் ஆபீஸுக்கு கேப் ஏறிப் போவார்கள். நான் நிலக்கடலை இலையில் வரும் புள்ளி நோயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் யாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்வார்?

போர்டைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி அன்றைக்கே வந்துவிட்டார். மூன்று தலைமுறையாக ஐதராபாத்தில் இருக்கும் ரயில்வே குடும்பம். பேச்சில் 'ஆமா'வுக்கு 'ஹவ்', 'எதுக்கு' என்பதற்குக் 'கைக்கு' என்று ஊர் இந்தி கலந்துவிடும்.

"ஹவ்... டாக்டர் ஆயிட்டியா? இந்த முட்டி வலிக்கு ஒரு மாத்திர சொல்லு."

"ஆன்ட்டி, நான் கடலைச் செடிக்கு வர்ற நோய்தான் படிச்சேன்."

"கைக்கு அத்தன வருஷம் படிச்ச அப்ப?"

எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

கொஞ்ச நாளில் ஒரு பரிசோதகரின் ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு மழைப்பருவத்துச் சோதனையை வைத்து அந்தப் புள்ளி நோய்க்கு இந்த மருந்து கேட்கிறது என்று சொல்ல முடியாது, இன்னொரு பருவமும் செய்து பார்த்து அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டும்... அவ்வளவுதான். அதற்கு அர்த்தம் இன்னும் ஒரு வருஷம்.

வீட்டில் சொன்னேன். "போர்டைக் கழட்டிடுங்கப்பா" என்றும் சொன்னேன்.

"கழட்டுனா ஏன்னு கேப்பாங்கம்மா. வரப்போறதுதானே, இருக்கட்டும்."

இருந்தது. தினமும் கேட்டைத் திறக்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே போகப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை. சோபாவில் உட்கார்ந்ததுமே அவன் அம்மா சொன்னார்: "போர்டு பார்த்தோமுங்க, ரொம்ப சந்தோஷம். பட்டம் வாங்குன போட்டோ ஒண்ணு குடுங்க, ஊர்ல காட்டோணும்."

அப்பா தடுமாறினார். "அது... ஸ்டூடியோலேர்ந்து இன்னும் வரலைங்க."

பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன். குரலே காட்டிக்கொடுத்தது. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, நான் இன்னும் டாக்டர் ஆகல. தீஸிஸைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

அப்பா பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், காதெல்லாம் சிவந்துபோய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஃபெயிலானதற்காக இல்லை. பெத்த அப்பாவை அத்தனை பேர் முன்னால் பொய்யராக்கிவிட்டேனே என்று... உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் கூசியது.

"போன் பண்றோமுங்க" என்று எழுந்தார்கள். போன் வரவில்லை. அந்தப் பையன் முகம்கூட இப்போது நினைவில்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் போர்டு இல்லை, தூணில் ஓட்டைகளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். தெருவில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி உட்பட. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

அடுத்த மழைக்குத் திரும்பவும் கடலை போட்டேன். பரிசோதகர் கேட்டது நியாயம்தான். முந்தின வருஷம் நன்றாகக் கேட்ட மருந்து இந்தத் தடவை சரியாகக் கேட்கவில்லை. மாற்றி எழுதினேன், வைவா முடிந்தது, பட்டமும் வந்தது.

சர்டிஃபிகேட்டை அப்பா கையில் கொடுத்தேன். கை கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கி, வரி விடாமல் படித்தார்.

"இதுக்கு மேல யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

மாட்டார்கள் என்றேன். மடிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். போர்டைத் திரும்ப எடுத்து மாட்டவில்லை.

இன்றைக்கு என் ஸ்டூடண்ட்ஸ் தீஸிஸ் கொடுத்த சாயங்காலமே ஃபேஸ்புக்கில் பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறார்கள். ரிவிஷன் வந்தால் எடுத்துவிடுகிறார்கள், அதற்கும் நாலு பேர் ஆறுதல் சொல்லி லைக் போடுகிறார்கள். நல்லதுதான். அந்தச் சுலபம் அன்றைக்கு எங்களுக்கு இல்லை.

போன மாசம் அப்பாவை ஹப்சிகுடாவில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்னப் பையன், அன்பாகப் பேசினான். "மேடம் என்ன பண்றாங்க?" என்று தெலுங்கில் அப்பாவிடம் கேட்டான். எனக்குத் தலை நரைத்துவிட்டது, ஒரு டிபார்ட்மென்ட்டையே நடத்துகிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவசரமாகச் சொன்னார்: "சதுவுகுண்டுந்தி சார்." படித்துக்கொண்டிருக்கிறாளாம். அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.