அடுப்படி உம்மணாமூஞ்சி

சூடேறிய தூசிக்கு ஒரு வாசம் உண்டு. கருகிய முடியும் பழந்துணியும் கலந்தாற்போன்ற அந்த வாசத்தோடு, ஈயம் உருகும்போது எழும் புகையும் சேர்ந்துவிட்டால், தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவை ஒட்டிய சந்தொன்றில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே என் முன்னால் வந்து நின்றுவிடும். அம்மாவின் அடுப்படி என்றால் மற்றவர்களுக்குச் சாம்பாரும் ரசமும் நினைவுக்கு வருமாம். எனக்கு வருவது இதுதான், என்ன செய்ய.

அண்ணன் முரளி அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நண்பனிடமிருந்து வாங்கி வந்த எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான் என்பதே உண்மை. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல் அந்தக் கிடார் கொசு பறப்பதுபோலத்தான் ஒலிக்கும். கடையில் விற்கும் ஆம்ப்பெல்லாம் ‘தகர டப்பா’ என்று சொல்லிவிட்டான். கேசட்டில் கேட்கிறோமே, தடித்த, லேசாகத் தொண்டை கட்டினாற்போன்ற ஒலி, அது அந்தக் காலத்து ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வில்தான் வரும் என்றான். ‘குஜரி’ என்று நாங்கள் சொல்லும் பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்த வால்வு ரேடியோக்களைத் தூக்கிவந்து, அவற்றின் வயிற்றைக் கிழித்து, டிரான்ஸ்பார்மரையும் வால்வுகளையும் உருவியெடுத்து, அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்த தட்டின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தான். தசராவுக்கு எங்கள் தெருமுனையில் மேடை போடுவார்கள். விஜயதசமி மாலையில் அவனும் அவன் நண்பர்களும் அதில் வாசிப்பதாக ஏற்பாடு.

வீட்டில் மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட் இருந்தது அடுப்படியில் மட்டும்தான். அதனால் அந்தப் பெட்டி மிக்சிக்குப் பக்கத்தில் குடிவந்தது. சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்து, பிறகு ஆரஞ்சு நிறமாகும். அதற்குப் பின்னால் தரைவழியாக ஏறிவரும் ஒரு முனகல், ‘உம்ம்ம்’ என்று. அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். பால் பாத்திரத்தில் ஏடு சுருங்கிச் சுருங்கி விரியும். அம்மா அதற்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பெயர் வைத்தாள். “ஏன்டா, உன்ற உம்மணாமூஞ்சிக்கு இன்னிக்கு என்ன கோவம்?” என்று கேட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குவாள். அம்மாவுக்கு அதன்மேல் பிரியம். எனக்கோ பயம். வீட்டுக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் இரண்டு சுவிட்சுகள். வாசித்து முடித்ததும் வால்வுகளுக்கு மின்சாரம் போகும் வழியைச் சின்ன சுவிட்சால் முதலில் அடைத்துவிட்டு, அப்புறம்தான் ப்ளக்கைப் பிடுங்குவான். அப்படிச் செய்தால் வால்வின் ஆயுள் கூடுமாம். ஆனால் உள்ளே இருக்கும் கண்டென்சரில் ஏறிய மின்சாரம், வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அதை வெளியேற்ற அவன் ஒரு குண்டு பல்பு வைத்திருந்தான், அடியில் இரண்டு வயர் தொங்கும். அந்த வயர்களை, பெட்டியின் அடியில் மூடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கண்டென்சரின் காலில் தொட்டால், ப்ளக் பிடுங்கிக் கிடக்கும் பெட்டியிலிருந்து பல்பு பளிச்சென்று ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணையும். “இப்பத்தான் செத்துது” என்பான் அண்ணன். அந்தச் சிமிட்டலைப் பார்க்க நான் ஓடி வருவேன்.

அப்பா எல்லையோரத்துக் கௌதள்ளி கிராமத்துக்காரர்; நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் வேலை, காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அவருக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. “கரண்டுக்கு நீ யாரு நானு யாருன்னெல்லாம் தெரியாது சாமி” என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மாலை அவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது, பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு பல்லி விறைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தபடியே செத்திருந்தது. அப்பா அதைக் காகிதத்தில் எடுத்து வெளியே போட்டுவிட்டு வந்து, “நாளைக்கே இதைத் தூக்கி வெளிய போடோணும்” என்றார்.

அண்ணன் அழாத குறை. “பொட்டி ஓடறப்ப உள்ள பூந்திருக்குங்ப்பா. ப்ளக்கைப் புடுங்கிப்போட்டா அது வெறும் செத்த பொட்டிங்ப்பா. கொழந்தை கூடத் தொடலாம். சத்தியமா.” 

அம்மாவும் அவனுக்காகப் பேசினாள். “தசரா முடியட்டும், விடுங்க. சும்னே பையன் மனசை நோகடிக்காதீங்க.” 

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ப்ளக்கைப் புடுங்கினா ஒண்ணுமில்லைங்கற. சரி, உன்ற பேச்சை நம்பறேன்” என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. பல்பு சிமிட்டுவதை அப்பா பார்த்ததே இல்லை; அவர் வீட்டிலிருக்கும்போது அதை அவன் செய்வதில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது ஆயுதங்களுக்கு லீவு விடும் நாள். அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள், ஸ்பேனர், சுத்தியல் என்று எதெல்லாம் வீட்டுக்கு உழைக்கிறதோ அதையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சின்னதையெல்லாம் பூஜைப் பலகையில் அடுக்கிவிடுவார் அப்பா. அடுக்கியதை மறுநாள் வரை எடுக்கக் கூடாது, அதிலும் வேலைக்கு எடுக்கவே கூடாது. அன்று காலை அண்ணன் அடுப்படியில் கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் சாமந்திப்பூவும் பூசணிக்காயும். எங்கள் வீட்டில் மட்டும் டம்ளர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அப்பா அவனுடைய சாமான் டப்பாவைத் திறந்து திருப்புளி, கட்டிங் ப்ளேயர், சால்டரிங் அயன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குண்டு பல்பையும் சேர்த்து.

வாசித்து முடித்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அண்ணன் பல்பைத் தேடினான். பூஜைப் பலகையில், விபூதிப் பட்டையும் குங்குமமுமாக, தலையில் ஒரு சாமந்தியோடு அது உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினான்.

“வெச்சதை எடுக்கப்படாது” என்றார் அப்பா. “நாளைக்கு எடுத்துக்க. இன்னிக்கு அதுக்கென்ன வேலை?”

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் பல்லி விவகாரத்தில் சொன்னது பொய் என்றாகும், பெட்டி தெருவுக்குப் போகும், மறுநாள் மேடையும் போகும். அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அடுப்படியைப் பார்த்து, “யாரும் தொடாதீங்க, சூடா இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

சூடு ஆறும்வரை அம்மா காத்திருந்தாள். சொன்ன சொல்லைக் கேட்டுத்தான் காத்திருந்தாள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. வால்வைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, “ஆறிப்போச்சு அம்மிணி. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு இதை மட்டும் உட்டா கோவிச்சுக்கும்” என்று என்னிடம் சிரித்தாள். அரைத்த சந்தனத்தின் ஈரம் இரண்டு கையிலும். பலகைக்கு எடுத்துப் போவதற்காக இடக்கையை அடியில் கொடுத்துத் தூக்கி, வலக்கை விரலால் தகட்டின்மேல் சந்தனத்தை வைத்தாள்.

‘பட்’ என்று விரல் சொடுக்கினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அம்மா கத்தவில்லை. பெட்டி சாய்ந்தது, அம்மாவும் அதன் பக்கத்தில் சாய்ந்தாள்.

அப்பா ஓடிவந்து முதலில் பார்த்தது ப்ளக்கைத்தான். அது பிடுங்கித் தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடினார்கள், யாரோ “ஹார்ட்டு, ஹார்ட்டு, பேகா ஆட்டோ கரீரி” என்று, சீக்கிரம் ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்கள், வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்றில் அப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு முன்பே அவ்வப்போது நெஞ்சு படபடப்பு வருவதுண்டு. அதனால் யாருக்கும் வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

வீட்டில் நானும் அண்ணனும் மட்டும். தலை ஈரம் சொட்டச் சொட்ட அவன் பூஜைப் பலகைக்குப் போனான். எடுக்கக் கூடாதென்றதை எடுத்தான். சாமந்தி கீழே விழுந்தது. பல்பின் வயர்களைக் கண்டென்சர் காலில் தொட்டான். சரியாகப் படவில்லையோ என்று மறுபடி தொட்டான். நான் சுவரோடு ஒட்டி நின்று, சிமிட்டு, சிமிட்டு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சிமிட்டினால் அந்த மின்சாரம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. என் வாழ்நாளில் எதையும் அப்படி வேண்டியதில்லை.

பல்பு சிமிட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் உடலோடு அப்பா திரும்பியபோது அந்தப் பல்பு அடுப்படித் தரையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், குனிந்து எடுத்தார், வயரைச் சுற்றி எங்கேயோ வைத்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், “நெஞ்சு பலமில்லீங்க அவளுக்கு. நின்னாப்புல நின்னுபோச்சு” என்றார். அன்று சொன்னதையே அதற்குப் பிறகும் எல்லோரிடமும் சொல்லிவந்தார், வார்த்தை மாறாமல்.

அண்ணன் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெட்டி குஜரிக்கே போயிற்று. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அவன் வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான். அப்பா என்னோடு இருக்கிறார். அந்தச் சந்தில் இப்போது மொபைல் உறை விற்கும் கடைகள். வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். குண்டு பல்பு கேட்டால் கடைக்காரப் பையன் விழிக்கிறான்.

போன வருஷப் பூஜையில் அப்பா, கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு பொருளாக வந்தார். என் மகன் தன் கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டி, “ஆஃப் பண்ணியாச்சு தாத்தா, வைங்க” என்றான். அப்பா நீட்டிய விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இரு சாமி. புடுங்கினாலும் உள்ள இருக்கும். அது சாவட்டும்.”

பூப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது. இத்தனை வருஷமாக அம்மாவின் நெஞ்சைப் பலமில்லாததாக்கி அப்பா யாரைக் காப்பாற்றிவந்தார் என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்பா எங்களைப் பார்க்கவில்லை. விரலில் சந்தனம் காயக் காய, அந்தப் பெட்டியின் முன்னால் காத்துக்கொண்டு நின்றார்.