இரண்டாவது படம்

திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பல வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எத்தனையோ தோள்களைப் பார்த்தாயிற்று. மனசை விட்டுப் போகாதது ஒன்றுதான்.

அன்று ஆடிக் கிருத்திகை. மலைப்படியில் சறுக்கியவர்கள், நெரிசலில் விழுந்தவர்கள் என்று வராண்டா கொள்ளாத கூட்டம். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் மனைவியோடு வந்தார். மோட்டார் சுவிட்சில் ஷாக் அடித்து உடம்பே வெட்டி இழுத்ததாம். வலது கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். தோளுக்கு இரண்டு கோணத்தில் படம் வேண்டுமென்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். நேராக ஒன்று எடுத்தேன். அடுத்ததற்காக உடம்பைத் திருப்பியதும் மனுஷன் அலறிவிட்டார். வெளியே கதவைத் தட்டினார்கள். ஒன்றே போதும் என்று அனுப்பிவிட்டேன். டாக்டரும் அவசரமாகப் பார்த்து, எலும்பு உடையவில்லை என்று மாத்திரை எழுதினார்.

ஐந்து நாள் கழித்துத் திரும்ப வந்தார்கள்.

"ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டீங்க சார். இவரு ஒத்தக் கையாலயே தறி ஓட்டிகினு இருக்காரு," என்றார் அந்த அம்மா.

முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். முகம் சுருங்கியது, கை அசையவில்லை.

"வரலைங்க சார்."

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மேல்கை எலும்பின் தலை ஒரு பக்கம் சாய்ந்து தெரிய வேண்டும். இதில் குண்டு பல்பு மாதிரி உருண்டையாக இருந்தது. எக்ஸ்ரே வெறும் நிழல்தான். எலும்பு பின்னால் நழுவினாலும் நேரே பார்த்தால் இடத்திலேயே இருப்பது போலத் தோன்றும். இது எனக்குப் படித்த நாளிலிருந்தே தெரியும்.

இந்த முறை கையை அசைக்காமல், அவரையே மெல்லச் சாய்த்து நிற்க வைத்துப் பக்கவாட்டில் எடுத்தேன். தோள் மூட்டின் கிண்ணத்தை விட்டு எலும்பு பின்னால் போயிருந்தது.

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது படம் எங்கேன்னு நானும் கேட்டிருக்கணும்," என்றார்.

வெளியே வந்து அவர்களிடம் சொன்னேன். "அன்னிக்கே இன்னொரு படம் எடுத்திருக்கணும். நான் எடுக்கலை. தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கணவர், "இனிமே சரியாவுமா? அத சொல்லுங்க சார்," என்றார்.

அரக்கோணத்திலிருந்த எலும்பு டாக்டரிடம் அன்றே அனுப்பினோம். மயக்கம் கொடுத்து எலும்பை இடத்தில் உட்காரவைத்தார்கள். உடனே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னது என் காதுக்கும் வந்தது.

சில மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். "தறிக்குப் போய்கினுதான் இருக்கேன். கை காது வரைக்கும் தூக்க வருது, அதுக்கு மேல வரல," என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.