கேட்டது சட்டம், வந்தது புவியியல்

மலேசியாவின் கூலிமில் காலை ஏழு மணிக்கும் விடிவதில்லை. கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிற ஊர் இது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் கொஞ்சமும் நியாயமில்லை. இருபது வருடமாக இந்த எரிச்சலோடுதான் கம்பெனி பேருந்தில் ஏறுகிறேன். பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னால், "எழுந்தோமா போனோமான்னு இருங்கலா அக்கா" என்கிறாள்.

திருச்சியில் நான் இளங்கலைப் புவியியல் படித்தவள். சமஉயரக் கோடுகளைக் கை நடுங்காமல் வரைவேன். நான் வரைந்த காவிரிப் படுகையைத் துறை வாசலில் மாட்டியிருந்தார்கள். கல்யாணமாகி இந்தக் கெடா மாநிலத்துக்கு வந்தபின் அதே கை, இங்கே 'கிலாங்' என்கிற தொழிற்சாலையில் பழுதான சிப்களைப் பொறுக்குகிறது. ஒருமுறை சூப்பர்வைசர் தம்பியிடம் என் படிப்பைச் சொன்னேன். "அப்ப பாடாங் மேஹாவுக்குக் குறுக்கு ஜாலான் தெரியுமாக்கா?" என்று, குறுக்குச் சாலையை உண்மையாகவே கேட்டான். அப்புறம் நான் யாரிடமும் என் படிப்பைச் சொல்வதில்லை.

மகள் யாழினி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தை நல்ல புள்ளிகளோடு முடித்தாள். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே விண்ணப்பம்தான். விரும்பும் படிப்புகளை வரிசையாக நிரப்ப வேண்டும், எது கிடைக்குமோ தெரியாது. மேலே எல்லாம் சட்டம். வரிசையின் கடைசியில் புவியியலைப் போடச் சொன்னவள் நான். வராது என்று அவள் நம்பினாள். வரட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதுதான் வந்தது.

"ஜியோகிராஃபி படிச்சி என்னா செய்யிறது? அப்பீல் போடு" என்றார், இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் கணவர். அப்பீலும் தள்ளுபடியானது. வந்த இடத்தை ஏற்பதா, விடுவதா என்பது மட்டும்தான் மிச்சம். நான் ஆறுகளைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் நகரத் திட்டமிடல் வேலைகளைப் பற்றியும் ஆசை ஆசையாகச் சொன்னேன். யாழினி பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்களும் அதத்தான படிச்சீங்க மா? அப்புறம் ஏன் கிலாங்ல வேல செய்றீங்க?"

குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். கல்யாணம், விசா, அவள் பிறப்பு என்று அடுக்கியிருக்கலாம். அடுக்கினால் பழி அவள் தலையில் விழும். யாழினி பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு, எங்கள் வட்டாரத்திலேயே வேறொரு கிலாங்கில் சேர்ந்தாள்.

திருச்சியிலிருந்து அக்கா போன் செய்து, "யாழினி என்ன படிக்கிறா?" என்றாள். "புவியியல்" என்று வாய் முந்திக்கொண்டது. "உன்ன மாதிரியேடி" என்று அக்கா அழுதுவிட்டாள். இப்போது வாராவாரம் விசாரிக்கிறாள். மகளின் தொழிற்சாலைச் சீருடையைக் கொடியில் உலர்த்தியபடியே, வகுப்பில் அவள் வரைகிற ஆறுகளைப் பற்றி அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.