பதினைந்து மடங்கு பயம்

போன வருடம் மூன்று கிழமை எனக்குக் கைநடுக்க வியாதி இருந்தது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் கல் பதிப்பது என் தொழில். கை போனால் பிழைப்பும் போய்விடும். பாரிஸில் இருக்கும் என் அண்ணைக்கு ஐம்பது வயதில் கை நடுங்கத் தொடங்கி, இப்போது தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது.

டூட்டிங்கில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் என் நண்பன் பிரான்சில் இருந்தபோதே வேட்டை பழகியவன். இங்கேயும் லைசென்ஸ் எடுத்து, கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் காட்டில் மான் சுடப் போவான். துவக்கு அவனுடையது, மானைக் கண்டு சொல்வது என் பொறுப்பு என்று என்னையும் கூப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்து மடங்கு பெருப்பிக்கும் லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டுதான் தினமும் வேலை செய்கிறேன், மானுக்கு அதைவிடப் பெரிதாக வேண்டாமா என்று நினைத்து, பதினைந்து மடங்கு பைனாகுலர் ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். கழுத்தில் மாட்டினால் அம்மிக்குழவி கனம்.

விடிந்தும் விடியாத நேரம், காட்டோரம் நின்று அதைத் தூக்கிப் பார்த்தேன். மரங்கள் ஆடின. காற்றே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், இன்னும் மோசமாக ஆடின. ஆடுவது என் கைதான் என்று விளங்கியதும் பைனாகுலரை இறக்கிவிட்டேன். மான் ஒன்றும் தென்படவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய கிளாசைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். பயந்துகொண்டு பிடித்தால் யாருடைய கைதான் ஆடாது? அந்தப் புத்தி அப்போது வரவில்லை. பொடி வைரங்கள் பதிக்கும் ஓடர் ஒன்றை, கண் சரியில்லை என்று பொய் சொல்லிப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

மூன்றாம் கிழமை முழங்கால் வலி என்று சாட்டுச் சொல்லியும் நண்பன் விடவில்லை. காட்டோரத்தில் வைத்து, இவ்வளவு நேரமாக என்னத்தைத்தான் பார்க்கிறாய் என்று சினந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணையின் கை, என் கை, குளியலறை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் என் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தான். ஒரே வெட்டில் ஆட்டுத் தொடையைப் பிளக்கிற கை அவனுடையது.

"மச்சான், எனக்கும்தான் ஆடுது," என்றான். "இதை வெறுங்கையிலை பிடிச்சு ஒருத்தராலையும் பாக்கேலாது. படத்தைப் பெருப்பிக்கேக்கை ஆட்டத்தையும் சேத்தெல்லோ பெருப்பிக்கும்."

தன்னுடைய எட்டு மடங்கு பைனாகுலரைத் தந்து, மரத்தில் முதுகைச் சாய்த்து இருக்கச் சொன்னான். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, பெருவிரல்களைக் கன்ன எலும்போடு சேர்த்துப் பிடித்தேன். கடையில் நான் ஒருநாளாவது கையை அந்தரத்தில் வைத்துக் கல் பதித்ததில்லை, எப்போதும் மேசைதான் தாங்கியிருக்கிறது. அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

பிறகு பார்த்தேன். மரங்கள் நின்ற இடத்தில் நின்றன. பற்றைக்குப் பின்னால் ஒரு மான், அதன் காது மட்டும் அசைந்தது. எனக்கு அழுகை வந்து பைனாகுலர் கண்ணாடி மங்கிவிட்டது. அவனுக்கு இடத்தைச் சொல்வதற்குள் மான் போய்விட்டது. அவன் ஒருமுறை பல்லைக் கடித்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினான்.

அன்று பின்னேரம் அண்ணைக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவருடைய நடுக்கம் நிஜம், என்னுடையது வெறும் கூத்து என்பதால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பகிடி மாதிரிச் சொல்லி முடித்தேன். அண்ணை சிரிக்கவில்லை.

"நீ போனிலை வாற நேரமெல்லாம் நான் உன்ர முகத்தைப் பாக்கிறேல்லை, கையைத்தான் பாக்கிறனான்," என்றார். "அந்த மான் ஆடாமல் தெரிஞ்ச இடத்தை இன்னொருக்கால் ஆறுதலாச் சொல்லு."